ஒரு சலவைக்கு என்ன விலை?

இன்று மத்தியானம் கவிதா ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். பினாங்கு ஜெலுத்தோங்கில் நான் வேலை பார்த்த டோபியில், அதாவது சலவைக் கடையில், கடைசிக் காலத்தில் என்னோடு இருந்தவள். இப்போது பாயான் பாருவில் வேறொரு டோபியில் சேர்ந்து, சாமான் வாங்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்திருக்கிறது.

"அண்ணே, இங்க மூனு கம்பெனி ஆளுங்க மாத்தி மாத்தி வந்து மண்டைய கழுவுறாங்க. ஒருத்தன் பெரிய மூட்டை எடுத்தா வாளி ஃப்ரீங்கிறான். ஒருத்தன் தூளே வேணாம், தண்ணி சோப்பு எடுங்கிறான். எதுண்ணே வொர்த்து? சுருக்கமா சொல்லுங்க லா, நான் லன்ச்ல இருக்கேன்."

சுருக்கமாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. அவளுடைய லன்ச் முடிந்து, வேலை முடிந்து, அவள் வீட்டுக்கே போயிருப்பாள். நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு முப்பத்து மூன்று வயது. சலவைத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். ஆனால் உண்மை அதுதான். நான் செய்த வேலை இன்று அங்கே இல்லை. டோபி கைமாறியதும் புதிய முதலாளி சுவரோரமாகத் தண்ணீர்ச் சவர்க்காரப் பீப்பாய்களை அடுக்கி, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் குழாய் இழுத்துவிட்டார். எவ்வளவு சவர்க்காரம் போக வேண்டும் என்பதைப் பீப்பாய் கம்பெனிக்காரர் வந்து ஒரு சின்னப் பெட்டியில் எண்களைத் தட்டிவிட்டுப் போகிறார். வாங்குவதற்கு ஓர் ஆள், சோதிப்பதற்கு ஓர் ஆள் எதற்கு? எனக்கு அதில் கோபம் இல்லை. நல்ல முறைதான். இப்போது ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கிடங்கில் இருக்கிறேன். குளுகுளு அறை, நேரத்துக்கு வீடு. ஆனாலும் பேரங்காடியில் சவர்க்கார வரிசையைக் கடக்கும்போது என் கால் தானாக நின்றுவிடும். மனைவி தள்ளுவண்டியோடு முன்னால் போய்க்கொண்டே இருப்பாள்.

அப்பா நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். அம்மா அதே தோட்டத்தில் மருந்து அடித்தவர். இருவருக்கும் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்து, மேலே ஒரு டிப்ளோமாவும் வாங்கியது எங்கள் வீட்டில் முதன்முதலாக நான்தான். அந்தச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்த அம்மாவிடம், டோபியில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"துணி தொவைக்கறதுக்கா இவ்ளோ படிச்ச?"

"தொவைக்க இல்லம்மா. சோப்பு வாங்குற வேலை."

"அத நான்கூட வாங்குவேனே!"

உண்மையில் அம்மா நன்றாகவே வாங்குவார். அவருக்கென்று ஒரே ஒரு விதி இருந்தது: தூளோடு என்ன இனாம் வருகிறது? வாளி வந்தால் வாளி, கிண்ணம் வந்தால் கிண்ணம். எங்கள் குளியலறையில் மூன்று நிறங்களில் வாளிகள், கொல்லையில் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் வாளி, பூச்செடி நட்ட வாளி என்று வீடு முழுக்க சவர்க்கார வாளிகள்தான். உள்ளே இருந்த தூளைப் பற்றி ஒருவரும் பேசியதாக நினைவில்லை.

முதல் சில மாதங்களைச் சுருக்கிவிடலாம். விடியும் நேரத்தில் பட்டர்வொர்த்தில் மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றுவேன். கடல் காற்றில் சட்டை காய்ந்துவிடும், டோபிக்குள் நுழைந்ததும் மறுபடி நனைந்துவிடும். ஹோட்டல்களின், ஹோம்ஸ்டேக்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும்தான் எங்களுக்குப் பிழைப்பு. வெள்ளை விரிப்பைத் தனியாகப் பிரிக்கக் கற்றேன், துண்டைத் தனியாகப் போடக் கற்றேன், இயந்திரத்தின் வயிற்றை நிரப்பாமல் ஒரு சாண் இடம் விடக் கற்றேன். பிறகு சல்மா அக்காவிடம் அனுப்பினார்கள்.

முதலாளி தவுக்கேவுக்கு அடுத்தபடி டோபியை நடத்தியது சல்மா அக்காதான். என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கும். அவருக்கு மேசையும் நாற்காலியும் உண்டு. அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மூன்றாம் இயந்திரத்துக்கு எதிரில் நீலப் பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல்தான் இருப்பார். கைத்தொலைபேசி எப்போதும் முக்காட்டுக்குள் காதோரம் செருகியிருக்கும், கை இரண்டும் துணி மடித்துக்கொண்டிருக்கும். விற்பனைக்காரர்கள் வந்தால் தலை நிமிர மாட்டார். ஒருவர் எப்போதும் பலகாரத்தோடு வருவார். அக்கா ஓர் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொல்வார்:

"குவே நல்லா இருக்கு. தூள் எப்படின்னு நாளைக்குச் சொல்றேன்."

"விலை கேக்கலியே கா?"

"கேட்டா நீங்க சொல்லிருவீங்க. அப்புறம் என் கண்ணு விலையத்தான் பாக்கும், துணிய பாக்காது."

இந்தப் பேச்சுக்காகத்தான் அவரைப் பல பேர் திமிர் பிடித்தவர் என்றார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு அவர் சோதிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பழைய தலையணை உறையைப் பட்டை பட்டையாகக் கிழித்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு கறை. முகப்பூச்சு ஒன்றில், வெயிலுக்குப் பூசும் களிம்பு ஒன்றில், கோப்பி ஒன்றில், மோட்டார் ஓட்டிய என் சட்டைக் கழுத்து அழுக்கு ஒன்றில். எங்களுக்கு வரும் விரிப்புகளில் இந்த நான்கும்தான் அதிகம். கறை வைத்து ஓர் இரவு காயவிடுவோம், ஏனென்றால் எந்த விருந்தாளியும் கறையை உடனே கொண்டு வந்து கொடுப்பதில்லை. மறுநாள் பட்டையை நடுவில் வெட்டி, பாதி பழைய தூளில், பாதி புதிய தூளில். பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீரில் எந்தத் தூளும் யோக்கியனாக நடிக்கும் என்பார் அக்கா.

அதற்குள் ஒரு கண்ணாடி போத்தலில் புதிய தூளைக் கரண்டியளவு போட்டுக் குலுக்கி வைத்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் அடியில் மாவு மாதிரி ஏதாவது படிந்தால் அது அழுக்குப் போக்க வந்ததல்ல, மூட்டையின் எடையைக் கூட்ட வந்தது. நுரையை அவர் மதிக்கவே மாட்டார். நுரை பொங்கினால் விற்பனைக்காரர் முகம் மலரும், அக்காவின் முகம் சுருங்கும். அந்த நுரையைப் போக்க இன்னொரு முறை அலச வேண்டும், அது நம் தண்ணீர். கடைசி அலசல் தண்ணீரை விரலிடுக்கில் தேய்த்துப் பார்ப்பார். வழுக்கினால் துணியில் இன்னும் சவர்க்காரம் இருக்கிறது. காய்ந்த பட்டையை மறுபடி நனைத்து, கண்ணை மூடி முகர்வார். வாசனைத் திரவியம் காய்ந்த துணியில்தான் ஏமாற்றும், நனைந்ததும் பழைய வியர்வை எழுந்து வந்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் விலை. அதுவும் மூட்டை விலை அல்ல. புதிய மூட்டையைப் பிரித்ததிலிருந்து ஒவ்வொரு சலவைக்கும் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்வார். மூட்டை காலியானதும் கோடுகளை எண்ணி, விலையை அதால் வகுத்து, ஒரு சலவைக்கு என்ன விலை என்று பார்ப்போம். சரியாகப் போகாமல் மறுபடி துவைத்த துணி இருந்தால் அந்தக் கோட்டை அழித்துவிடுவார். பல சமயம் மலிவான மூட்டைதான் அதிக விலையாக வந்து நிற்கும். பல சமயம் என்கிறேன், எப்போதும் அல்ல. மலிவாகவும் நன்றாகவும் ஒரு தூள் அகப்படும் நாளில் அக்கா பீப்பாயைவிட்டு எழுந்து எல்லாருக்கும் தே தாரேக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர், வாங்கிக் கொடுப்பார்.

அப்படி ஒரு தே தாரேக் குடித்த சில நாட்களில்தான் நான் சொல்ல வந்த விஷயம் நடந்தது.

ஒரு புதிய கம்பெனியின் தூள். பெயர் போட்ட பை கூட இல்லை, வெறும் வெள்ளை மூட்டை. நான்கு கறையிலும் பழைய தூளை அடித்துவிட்டது. போத்தலில் வண்டல் இல்லை, நுரை அளவாக இருந்தது, விரலில் வழுக்கவில்லை. விலையும் குறைவு. தவுக்கே ஒரு லாரியில் இறக்கிவிட்டார். சுவரில் கோடுகள் ஏறிக்கொண்டே போயின. அக்கா முகத்தில் அப்படியொரு திருப்தி.

அந்த வாரம்தான் பார்வதி அக்கா வந்தார். புக்கிட் மெர்தாஜாம்காரர். வருஷக்கணக்கில் மற்றவர்களின் கல்யாணச் சமையலில் வெங்காயம் உரித்து, கிண்டி, பரிமாறி, கடைசியில் தன் பேரிலேயே கேட்டரிங் ஆரம்பித்திருந்தார். அவருடைய முதல் பெரிய கல்யாணம், எங்கள் டோபியிலிருந்து கூப்பிடு தூரத்து மண்டபத்தில் நடந்திருந்தது. மேசை விரிப்புகள் எல்லாம் அவரே வாங்கியது. வெள்ளைத் துணி, ஓரம் முழுக்க மெல்லிய பொன்னிற ஜரிகைக் கரை. அந்தக் கரையை இரவெல்லாம் உட்கார்ந்து தானே தைத்ததாகச் சொன்னார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம அதே ஹால்ல இன்னொரு கல்யாணம் தம்பி. சனிக்கெழம சாயந்தரமே மேச போட்டுக் காட்டணும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. புடிச்சிருந்தா அந்த ஹாலுக்கு இனிமே நான்தான் சமையல். இல்லன்னா திரும்பவும் வெங்காயம்தான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விரிப்பு மூட்டையை என் கையில் கொடுத்துவிட்டு அதைவிட்டுக் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

எங்களுக்கும் இது புது வேலை. சாப்பாட்டு மேசைத் துணி நாங்கள் எடுத்ததே இல்லை. இலை போட்ட சாப்பாடு. சாம்பார், ரசம், கூட்டு, குழந்தைகள் கவிழ்த்த பாயசம் எல்லாம் மஞ்சள் மஞ்சளாக அதில் இருந்தது. வழக்கம்போலப் போட்டோம்.

இயந்திரம் நின்றது. கதவைத் திறந்த மேகலா அக்கா, எங்களுடைய இஸ்திரிக்காரர், ஒரு சத்தம் போட்டார். அப்படி ஒரு சத்தத்தை டோபியில் நான் கேட்டதில்லை.

விரிப்பெல்லாம் சிவப்பு. மஞ்சள் இருந்த இடமெல்லாம் ரத்தம் தெளித்ததுபோல் சிவப்பு.

வேன் ஓட்டும் சிவாதான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஆரத்தி. ஆரத்தி கொட்டிருச்சு. நான் துணி எடுக்கப் போறப்ப ஒரு அம்மா தட்ட தூக்கிட்டு ஓடுச்சு, பாத்தேன்."

"வாய மூடு லா," என்றார் மேகலா அக்கா. "கல்யாண வீட்டுல ஆரத்தி கொட்டுனா அபசகுனம்பாங்க, வெளிய சொன்னா என்னா ஆகும் தெரியுமா?"

ஆனால் அவரும் நம்பிவிட்டார். நானும் நம்பினேன். கல்யாணம், சிவப்பு, தண்ணீர்க் கறை. எங்களில் யாருக்கும் வேறொன்று தோன்றவே இல்லை. கொட்டிய ஆரத்தி காய்ந்து, நனைந்ததும் நிறம் விட்டிருக்கிறது என்று முடிவு கட்டினோம். குளோரின் போடலாம் என்றால் ஜரிகை கறுத்துப் போகும். எனவே இரண்டு பங்கு தூள், சுடுதண்ணீர், நீண்ட ஊறல்.

இரண்டாம் முறையும் மேகலா அக்காதான் கதவைத் திறந்தார். இன்னும் நன்றாகச் சிவந்திருந்தது.

மறுநாள் காலையில் பார்வதி அக்கா வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. கல்யாணத்துக்குத் தேங்காய்க்குச் சொல்லிவைக்கப் போகிற வழியில் சும்மா எட்டிப்பார்க்க வந்திருக்கிறார். மறைக்க நேரம் இல்லை, சல்மா அக்கா மறைக்கிறவரும் இல்லை. ஒரு விரிப்பை விரித்துக் காட்டினார். பார்வதி அக்கா அதன் ஓரத்தை, தான் தைத்த கரையை, விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"இது என்னா கா?"

பதில் சொல்ல வேண்டியது நான்தான் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆரத்தி கொட்டியிருக்கும் போல கா."

அவர் உட்கார்ந்துவிட்டார். கறையைவிட அந்தச் சொல்தான் அவரைத் தாக்கியது.

"என் மொத கல்யாணத்துலயா? யாரும் சொல்லலியே. பொண்ணு வீட்டுக்காரங்க காசக்கூட சிரிச்சிக்கிட்டேதானே குடுத்தாங்க? அதான் ஒன்னும் சொல்லாம போயிட்டாங்களா?"

"அப்படி இருக்காது கா…"

"ஹால்ல பேசிக்குவாங்க தம்பி. பார்வதி சமைச்சா ஆரத்தி கொட்டும்னு பேசிக்குவாங்க. துணி போனா வேற துணி. பேரு போனா?"

வேறு துணியும் இல்லைதான். கல்யாண மாதம், வாடகைக்கு விடுகிறவர்களை எல்லாம் அவர் எங்கள் முன்னாலேயே தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஒரே பதில்.

சல்மா அக்கா விரிப்பு மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பீப்பாய்மேல் உட்கார்ந்து விரிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று சிவாவைக் கேட்டார்:

"நீ பாத்த தட்டு எவ்ளோ பெருசு?"

"சாப்பாட்டுத் தட்டு அளவு கா."

"ஒரு தட்டுத் தண்ணி எத்தன மேசையில கொட்டும்?"

சிவா யோசித்தான். "ஒன்னு. மிஞ்சுனா ரெண்டு."

"எல்லா விரிப்புலயும் இருக்கே. இலை போட்ட எடத்துல மட்டும் இருக்கே. மேசைக்கு மேச போயா கொட்டுவாங்க?"

அக்கா என் பக்கம் திரும்பினார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார், அவர் வீட்டில் அந்த வழக்கம் இல்லை.

"தம்பி, அந்த ஆரத்தி தண்ணிய எதுல செய்வீங்க? செவப்புச் சாயமா? குங்குமமா?"

"குங்குமம் இல்ல கா. மஞ்சத்தூள தண்ணில கரைச்சு, கொஞ்சம் சுண்ணாம்பு போடுவாங்க. போட்ட ஒடனே மஞ்சத் தண்ணி அப்படியே செவப்பா…"

சின்ன வயதிலிருந்து எத்தனை வீட்டு வாசலில் அதைப் பார்த்திருக்கிறேன்! அந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நான் விரிப்பைப் பார்த்தேன். மேகலா அக்காவும் பார்த்தார். சாம்பாரில் மஞ்சள். ரசத்தில் மஞ்சள். கூட்டில் மஞ்சள்.

சல்மா அக்கா மெதுவாகக் கேட்டார்: "மஞ்ச சாப்பாட்டுல இருந்திச்சு. சரி. அப்ப சுண்ணாம்ப யாரு போட்டா?"

எல்லாருடைய கண்ணும் மூலையில் இருந்த வெள்ளை மூட்டைக்குப் போனது.

எந்தச் சவர்க்காரமும் மஞ்சளைக் கொஞ்சம் சிவக்க வைக்கும், அலசும்போது அது அடங்கிவிடும். இந்தத் தூளில் காரம், அதாவது சுண்ணாம்பின் குணம், அதிகம். முகப்பூச்சையும் கழுத்து அழுக்கையும் அவ்வளவு சுலபமாகத் தின்றதே அதனால்தான். நாங்கள் வைத்த நான்கு கறையில் மஞ்சள் இல்லை. ஹோட்டல் படுக்கையில் யார் சாம்பார் ஊற்றுகிறார்கள்? ஆகவே எங்கள் இயந்திரத்துக்குள் நாங்களே ஆரத்தி கரைத்திருக்கிறோம். அது போதாதென்று இரண்டு பங்கு சுண்ணாம்பும் போட்டிருக்கிறோம்.

"அப்ப கல்யாணத்துல கொட்டல?" என்றார் பார்வதி அக்கா.

"கொட்டல கா. இங்கதான் கலக்கிட்டோம்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா," என்றார். பிறகுதான் திட்டினார்.

காரத்துக்கு மாற்று புளிப்பு. சிவாவை எதிர்க் கடைக்கு விரட்டினோம். எலுமிச்சை ஐஸ் பானத்துக்கு வெட்டி வைத்திருந்த பழத்தையே அள்ளிக்கொண்டு வந்தான். ஒரு பாதியை எடுத்துச் சிவப்பின்மேல் பிழிந்தேன். எங்கள் கண் முன்னாலேயே, சாறு பரவிய அளவுக்கு, சிவப்பு விலகி மஞ்சள் வந்தது. பார்வதி அக்கா என் கையிலிருந்து பழத்தைப் பிடுங்கி அடுத்த கறையில் தானே பிழிந்தார். அதுவும் மாறியது. "அலமாக்!" என்று சின்னப் பெண் மாதிரி கத்தினார்.

ஆனால் மஞ்சளும் கறைதானே. அதைப் போக்க சல்மா அக்காவிடமே ஒரு வழி இருந்தது, அவர் அம்மா பிரியாணி பட்ட துணிக்குச் செய்வது. நன்றாக அலசி, மிருதுவான சவர்க்காரத்தில் லேசாகத் துவைத்து, ஈரம் காயுமுன் நல்ல வெயிலில் போட வேண்டும். மஞ்சளுக்கு வெயில் ஆகாது.

டோபியில் எல்லாம் இருந்தது, கொடி மட்டும் இல்லை. சூடேற்றி உலர்த்தும் இயந்திரம் இருக்கிற இடத்தில் யார் கொடி கட்டுவார்கள்? பக்கத்துப் பட்டறைக்காரரிடம் லாரி கட்டும் கயிறு கடன் வாங்கி, பின் சந்தில் எங்கள் வேனுக்கும் அவருடைய லாரிக்கும் நடுவே, அங்கிருந்து மின்விளக்குக் கம்பத்துக்கு, அங்கிருந்து டோபியின் பின்கதவுக்கு என்று இழுத்துக் கட்டினோம். தவுக்கே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பனியனோடு ஏணியில் ஏறினார். பட்டறைக்காரர் வாசலில் நின்று, "என்னாங்க இது, பாசார் மாலாமா, ராத்திரிச் சந்தையா? எத்தன மணிக்குக் கட தொறப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பினாங்கு வெயிலை நம்ப முடியாது. மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்தால் அப்புறம் கொட்டித்தான் தீரும். மேகலா அக்கா இஸ்திரிப் பெட்டியை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கும் வேலைக்கு வந்துவிட்டார். "வருது!" என்றால் எல்லாரும் ஓடுவோம், உருவுவோம். "போயிருச்சு" என்றால் மறுபடி போடுவோம். ஹோட்டல் துணிகள் உள்ளே தன்பாட்டில் சுழன்றுகொண்டிருக்க, மொத்த டோபியும் பின் சந்தில் நின்றது. ரேடியோவை யாரோ வெளியே கொண்டு வந்து வைத்தார்கள். பார்வதி அக்கா வீட்டுக்குப் போய் எல்லாருக்கும் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வந்தார்.

"மஞ்ச போடாம செஞ்சிருக்கேன்," என்றார். "ஒங்கள நம்ப முடியாது."

அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. வெள்ளை விரிப்புகள் காற்றில் உப்பிக்கொண்டு, ஜரிகைக் கரை வெயிலில் மின்னிக்கொண்டு, அந்தச் சந்தே ஒரு கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. ஒவ்வொரு விரிப்பாக மஞ்சள் இளைத்து, வெளுத்து, காணாமல் போனது. ஒன்றே ஒன்றுதான் அடம் பிடித்தது. யாரோ ஒரு சாம்பார் வாளியையே அதில் வைத்திருந்திருக்க வேண்டும். வட்டமாக, பிறை மாதிரி, மெல்லிய மஞ்சள். எத்தனை வெயில் காட்டியும் அது போகவில்லை.

தூள் விற்றவர் செய்தி கேள்விப்பட்டுப் பதறிக்கொண்டு வந்தார். மூட்டையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். சல்மா அக்கா அன்றுதான் முதல் தடவையாக ஒரு விற்பனைக்காரரைத் தலை நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கு? படுக்க விரிப்புக்கு இத விட நல்ல தூள் கெடையாது. எங்க கணக்குலதான் ஒரு கறை விட்டுப் போச்சு. அடுத்த லோடு எப்ப வரும்?"

அதன்பிறகு எங்கள் சோதனையில் ஐந்தாவதாக ஒரு பட்டை சேர்ந்தது. மஞ்சள் பட்டை. அதற்கான சாம்பார் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பார்வதி அக்கா கையாலேயே வரும். கறைக்குக் கொஞ்சம், எங்களுக்கு நிறைய.

கவிதா, இதற்குத்தான் இவ்வளவு சுற்றினேன். வாளிக்காக வாங்காதே, எங்கள் வீட்டில் வந்து பார், வாளி வேண்டுமானால் நான் தருகிறேன். தூளா, தண்ணீர்ச் சவர்க்காரமா என்று அவர்களிடம் கேட்காதே. முதலில் உன் டோபிக்கு வருகிற துணியில் என்னென்ன கறை இருக்கிறது என்று ஒரு வாரம் பார். பார்த்த கறையை எல்லாம் பட்டையில் வை, ஒன்றைக்கூட விடாதே. பச்சைத் தண்ணீரில் போடு. சுவரில் கோடு போடு. மூட்டை காலியானதும் ஒரு சலவைக்கு என்ன விலை என்று கணக்குப் பார். குழாய் வைத்த இயந்திரமாக இருந்தாலும் இது பொருந்தும். பெட்டியில் தட்டிவிட்டுப் போகிறவருக்கு உன் ஊர்ச் சாம்பார் தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மண்டப மேனேஜர் மேசை மேசையாக நடந்து, ஒரு விரிப்பின் கரையைத் தூக்கிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனாராம். பார்வதி அக்கா அதைத் தொலைபேசியில் சொல்லும்போது அவர் குரலில் வார்த்தையைவிட மூச்சுதான் அதிகம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு எங்கள் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. சமையல் வீட்டு விருந்தாளிகளாகப் போனோம்.

நானும் சல்மா அக்காவும் உள்ளே நுழையும்போது மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை. அதன்மேல் ஜரிகைக் கரை வைத்த வெள்ளை விரிப்பு. குனிந்து பார்த்தேன். ஓரத்தில் மெல்லிய மஞ்சள் பிறை. அந்த அடம் பிடித்த விரிப்புக்குப் பார்வதி அக்கா அந்த இடத்தைக் கொடுத்திருந்தார். அதன்மேல் ஒரு பித்தளைத் தட்டில் மஞ்சள் தண்ணீர் இருந்தது.

வெளியே நாதஸ்வரம் கேட்டது. ஒரு பெண் அவசரமாக வந்து, விரல் நுனியில் இருந்த சுண்ணாம்பைத் தட்டில் கரைத்தாள். மஞ்சள், விரல் சுற்றிய வழியே சிவந்தது.

சல்மா அக்கா முக்காட்டைச் சரி செய்துகொண்டு தட்டுக்கு மேலே நன்றாகக் குனிந்து பார்த்தார். பிறகு என் காதோரம் கேட்டார்:

"தம்பி, இந்தத் தூள் மூட்டை என்னா விலை?"

அந்தப் பெண் தட்டைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையை நோக்கி நடந்தாள். நாங்கள் இருவரும், பின்னால் சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்ற பார்வதி அக்காவும், அந்தத் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது.